சைவ வீட்டுக் குடுவைச் செடி

எங்கள் வீட்டுக்குள் செவ்வாயும் வெள்ளியும் வெங்காயம்கூட நுழையாது. பிறந்தநாளுக்கு யாரோ அன்போடு கொண்டுவந்த கேக், முட்டை கலந்தது என்று தெரிந்ததும் மாடிப்படியோடு திரும்பிப் போயிருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டில் பூச்சி தின்னும் செடி ஒன்று, தை மாதம் தொடங்கி வைகாசி வரை, கூடத்து ஜன்னலோரம் யாருடைய சந்தேகத்துக்கும் ஆளாகாமல் குடியிருந்தது என்றால் அது தற்செயலாக நடந்ததில்லை. உரிய முறைப்படி நடந்தது.

வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். ஒரு காரியத்தைத் தடுப்பதற்கு எத்தனை வழி உண்டோ அத்தனையும் எனக்குத் தெரியும். ஆகையால், தடுக்கப்படாமல் செய்து முடிக்கவும் தெரியும். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லக் கூடாது என்பது அதில் முதல் பாடம்.

கேரளத்து மலையோர நாற்றங்கால் ஒன்றிலிருந்து அட்டைப் பெட்டியில் செடி வந்து சேர்ந்த அன்று, என் மனைவி கேட்ட கேள்விகள் எல்லாவற்றுக்கும் உண்மையான பதிலைத்தான் சொன்னேன்.

"இது என்ன செடி?"

"மலைச் செடி."

"பூக்குமா?"

"எப்பவாவது பூக்கும்."

"இலை நுனியில என்ன தொங்குது, கூஜா மாதிரி?"

"அதுவும் இலைதான். வளர வளர அப்படி ஆகுது."

உள்ளே இருக்கும் தண்ணீர் எதற்கு என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பார்க்க அழகான செடிதான். இலையின் நடு நரம்பு நுனியைத் தாண்டிக் கொடிபோல நீண்டு இறங்கும். அதன் முனை மெல்லப் பருத்து ஒரு குடுவையாகும். பச்சை உடம்பில் குங்குமக் கீற்றுகள், எண்ணெய் தடவியதுபோலப் பளபளக்கும் வாய், மேலே ஒரு மூடி. அந்த வாயில் தேன்போல ஏதோ சுரக்கும். தேடி வருகிற எறும்பும் ஈயும் கால் வழுக்கி உள்ளே விழும். விழுந்தது விழுந்ததுதான். மேல்முறையீடு கிடையாது.

பாளையங்கோட்டை வெயிலில் இதை வெளியே வைத்தால் இரண்டு நாளில் அப்பளமாகிவிடும். வீட்டுக்குள், ஈரப்பதத்தோடு, நேர் வெயில் படாத வெளிச்சத்தில்தான் இருக்க வேண்டும். அதோடு தாமிரபரணித் தண்ணீரும் ஆகாது. உப்பே இல்லாத தண்ணீர்தான் வேண்டும் என்பதால் ஏசியிலிருந்து சொட்டுவதை வாளியில் பிடித்து ஊற்றினேன். இதைத்தான் என் மனைவியால் கடைசிவரை மன்னிக்க முடியவில்லை. "ஊரு ஒலகமெல்லாம் இந்தத் தண்ணிக்கு ஏங்குது. இவருக்கு ஏசி மூத்திரம் கேக்குதாக்கும்" என்றாள். ஆனாலும் வருகிறவர்களிடமெல்லாம் கூஜாச் செடியைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

வைகாசியில் ஒரு பிற்பகல், மாம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தவள் திடீரென்று கத்தியைக் கீழே வைத்தாள். ஈ ஒன்று குடுவைக்குள் இறங்கியதைப் பார்த்திருக்கிறாள். அது வெளியே வரும் என்று காத்திருந்தாள். நான் செய்தித்தாளைச் சற்று உயர்த்திப் பிடித்துக்கொண்டேன்.

"ஏங்க, உள்ள போன ஈ வெளிய வரமாட்டேங்குதே."

"வராது."

"வராதுன்னா?"

நேரடியாகக் கேட்கப்பட்ட கேள்வி. இனி மறைத்தால் அது தகவலை மறைத்த குற்றமாகிவிடும். சொன்னேன். அவள் எழுந்து போய், நறுக்கிய மாம்பழத்தைச் சமையலறைக்குள் எடுத்து வைத்துவிட்டு வந்தாள். செடி இருந்த கூடத்தில் அதை வைத்திருக்க அவளுக்கு மனம் ஒப்பவில்லை.

"இப்பவே அது வெளிய போகணும்."

நான் வாதாடினேன். "நீ தெனமும் வெளக்கேத்தின கையோட கொசு பேட்டை எடுத்துப் படபடன்னு பொரிக்க. கருப்பட்டிப் பானையைச் சுத்தி எறும்புக்குச் சாக்பீஸ் கோடு போடுத. அதெல்லாம் கொலை இல்லியா?"

"கொல்லட்டும். யாரு வேண்டாம்னா. நான் என்ன, கொசுவைப் பொரிச்சுத் திங்கவா செய்யுதேன்?"

இத்தனை ஆண்டு சட்டப் புத்தகங்களோடு குடித்தனம் நடத்திய எனக்கு, இவ்வளவு சுருக்கமான தீர்ப்பு ஒன்று கண்ணில் பட்டதில்லை. கொல்வது வேறு, தின்பது வேறு. சைவம் என்பது சாப்பாடு சம்பந்தப்பட்ட விஷயம். சாமி படத்துக்கும் எங்கள் சாப்பாட்டு மேசைக்கும் நடுவில் உட்கார்ந்து ஒருவர் அசைவம் சாப்பிடுவதுதான் குற்றம்.

உண்மையில் அவளுக்குச் செடியைவிடத் தன் தம்பியிடம்தான் பயம். திருநெல்வேலிப் பேட்டையில் இருக்கிறார். சிவதீட்சை வாங்கியவர். ஓட்டல் காப்பிகூடக் குடிக்க மாட்டார். கடையில் பிஸ்கட் பொட்டலத்தைக் கண்ணுக்கருகே பிடித்துப் பச்சைப் புள்ளியைத் தேடிக்கொண்டு நிற்பவரைப் பார்த்தால் அது அவராகத்தான் இருக்கும். ஆவணியில் என் அப்பாவின் திவசத்துக்கு வருவார். வந்து, ஜன்னலோரம் இது இருப்பதைப் பார்த்தால்?

"என் மானம் போயிரும்" என்றாள்.

"ஆக்கிரமிப்பை அகத்துறதுக்குக்கூட ஒரு நடைமுறை இருக்கு. முதல்ல நோட்டீஸ் குடுக்கணும். பதில் சொல்ல அவகாசம் தரணும். அப்புறம் விசாரணை."

"யாருக்கு நோட்டீஸ்? செடிக்கா?"

"செடிக்குக் காப்பாளர் நான்தான்."

"அப்போ உங்களுக்கும் சேத்துத்தான் சொல்லுதேன்."

ஆனாலும் கெடு வாங்கிவிட்டேன். முழங்கால் வலி, வெயில், வெளியே வைத்தால் ஓர் உயிர் போகிற பாவம் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, விசாரணையை இரண்டு முறை ஒத்திவைத்து, கடைசியில் ஆவணித் திவசம் என்று முடிவானது. திவசத்தன்று செடி வீட்டுக்குள் இருக்கக் கூடாது. வெளியே போனால் அது பிழைக்காது. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி கண்டுபிடிப்பது என் பொறுப்பு.

முதலில் எதிர்வீட்டுக்குப் போனேன். அங்கே இருப்பவர் மேலப்பாளையத்து இஸ்லாமியர். வளைகுடாவில் நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். செடியின் சங்கதி எனக்கு முன்பே அவர் காதுக்குப் போயிருந்தது.

"வாங்க அண்ணாச்சி. உங்க வீட்டுல எங்காளு ஒருத்தரு ஒளிஞ்சிருக்காராமே."

"அவரை உங்க வீட்டுல வச்சுக்கிடுதீங்களா? கறி சாப்பிடுற வீடுல்லா, ஒத்துப்போகும்."

"கறி சாப்பிடுவோம். அதுக்காகப் பூச்சியா திங்கோம்? பூச்சி எங்களுக்கும் ஹராம்தான் அண்ணாச்சி." சிரிப்பு அடங்கியபின் ஜன்னல்களைக் காட்டினார். எல்லாவற்றிலும் கொசுவலை. "இங்கன ஒரு ஈ வராது. எங்க வீட்டுக்கு வந்தா அவரு சைவமாத்தான் கெடக்கணும். அதுக்கு உங்க வீடே தேவலை. நெய்யும் கருப்பட்டியுமா எறும்புக்குப் பஞ்சமே இல்ல."

அதில் நியாயம் இருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

ஆனி மாதம் நான் ராதாபுரம் பக்கம் போக வேண்டி வந்தது. சித்தப்பா மகனுக்கும் பக்கத்துப் பனைவிளைக்காரருக்கும் எல்லைத் தகராறு. பனைகளில் எது யாருடையது என்று அளந்து பார்க்கும்போது நான் உடனிருக்க வேண்டுமாம். ஒரே நாள் வேலை என்றார்கள். நில அளவையர் இன்று வரவில்லை, நாளை வருவார் என்ற வாசகத்தை எதிர்ப்பக்கம் நின்று கேட்பது எப்படி இருக்கும் என்பதை அங்கேதான் அறிந்தேன். நாள்கள் ஓடின. பனையோலை காற்றில் சளசளத்துக்கொண்டே இருந்தது. தினமும் வீட்டுக்குப் போன் செய்தேன்.

"செடி எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. நல்லா சாப்பிடுது."

அவள் குரலில் ஒரு திருப்தி இருந்தது. மனசு மாறிவிட்டது என்று எண்ணிக்கொண்டேன். முப்பது ஆண்டுக்கு மேல் மனுதாரர்களின் முகத்தைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடித்தவன், போனில் ஒரு மெய்யைக் கோட்டை விட்டேன்.

திரும்பி வந்து கதவைத் திறந்ததும் வாடை அடித்தது. கழுவாமல் மறந்துபோன டிபன் கேரியரைத் திறந்தால் வருகிற வாடை. சுவர் மூலையிலிருந்து ஜன்னல்வரை கறுப்பாக ஒரு கோடு. கிட்டே போனால் கோடு நகர்ந்தது. கட்டெறும்பு.

"என்ன இது?"

"பருப்புச் சோறு" என்றாள். "நெய் விட்டுக் கொழையப் பிசைஞ்சு, உப்புக் கம்மியா. காக்காவுக்கு வச்சுட்டு, அடுத்தாப்புல இதுக்கு. ஒவ்வொரு கூஜாவுக்கும் ஒரு நுள்ளு."

"அது செடி."

"வாய் இருக்கு, வயிறு இருக்கு. பசிச்சாத்தானே பூச்சியைத் தேடுது? வயித்தை நெறைச்சு வச்சுட்டா அது ஏன் தேடப்போகுது? நாலு நாள் பழக்குனா சைவமாயிரும். நான் வைக்க வைக்க உள்ள எறங்கிக்கிட்டே இருக்கு, பாத்துக்கிடுங்க."

எனக்குக் கோபம் வரவில்லை. அந்த வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்கவே எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. டார்ச்சை எடுத்து ஒரு குடுவைக்குள் அடித்து, பார்க்கச் சொன்னேன். குனிந்து பார்த்தாள். நெய் வாசத்துக்கு வந்த எறும்புகள் அடுக்கடுக்காக உள்ளே மிதந்தன. அடுத்த குடுவையிலும் அதே. அதற்கடுத்ததில் கரப்பான் ஒன்றின் மீசை மட்டும் மேலே தெரிந்தது.

"நான் வச்சிருந்த இத்தனை மாசத்துல அதுக்கு இப்படி ஒரு விருந்து கெடைச்சதில்ல" என்றேன். "கல்யாணப் பந்தி போட்டிருக்க."

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவளைக் கேலி செய்ய நான் யோசித்து வைத்திருந்த மற்ற வாசகங்களையெல்லாம் அப்படியே விழுங்கிவிட்டேன்.

அதற்குப்பின் செடி இறங்கத் தொடங்கியது. சோறு புளித்து, குடுவைகள் ஒவ்வொன்றாக அடியிலிருந்து கறுத்துத் தொய்ந்தன. இலைகள் மஞ்சளாயின. நடுக்குருத்து ஒன்றுதான் பச்சையாக நின்றது. எதிர்வீட்டுக்காரர் வாசலிலேயே நின்று தாழ்ந்த குரலில் விசாரித்தார்.

"மவுத்தாயிட்டாரா அண்ணாச்சி?"

"இல்ல. இழுத்துக்கிட்டுக் கெடக்கு."

"ஹயாத்து கெட்டியா இருந்தா பொழைச்சுக்குவாரு. கவலைப்படாதீங்க."

இப்போது பார்த்தால் கெடுவுக்கே வேலை இல்லை. ஆவணி வரும் முன்பே செடி தானாகவே காலி செய்துவிடும்போல இருந்தது. அது என் மனைவிக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் காலையில் எழுந்ததும் அவள் முதலில் போய்ப் பார்த்தது அந்தக் குருத்தைத்தான். "தெவசத்துக்கு முன்னால ஒரு உசுரைக் கொன்னுட்டு, பெரியவருக்கு என்னன்னு படையல் போட" என்றாள். பிறகு, "அந்த மலையாளத்துக்காரருக்குப் போன் போடுங்க" என்றாள்.

ஸ்பீக்கரில் போட்டேன். நாற்றங்கால்காரர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பருப்புச் சோறு என்ற இடத்தில் மட்டும் சற்று இருமினார்.

"சோறா? அதுக்கு எதுக்கு சாரே சோறு? எல்லாக் குடுவையும் வெட்டிக் கள. தொட்டியில வேரைச் சுத்தி இருக்கிற பாசியை நல்ல தண்ணியில அலசு. குருத்து பச்சையா இருந்தால் பிழைக்கும்."

என் தோளுக்குப் பின்னாலிருந்து என் மனைவி கேட்டாள். "மருந்து ஏதாவது ஊத்தணுமா?"

"ஒண்ணும் வேண்டாம் அம்மா. புதுக் குடுவை வந்து மூடி திறந்தால், ஒரு எறும்போ ரெண்டு எறும்போ விழட்டும். அதுதான் அதுக்கு மருந்து."

அவள் அந்தப் பதிலைக் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு தெளிவான குரலில் கேட்டாள்.

"தெனமுமா, வாரத்துக்கா?"

"வாரத்துக்குப் போதும்."

"காலையிலயா, சாயந்தரமா?"

மறுமுனையில் மறுபடியும் இருமல் கேட்டது. "எப்பவும் ஆகலாம் அம்மா."

எங்கள் பக்கத்துச் சைவ வீடுகளைப் பற்றி வெளியாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். மருந்துக்குத் தனிச் சட்டம் உண்டு. வைத்தியர் வாயிலிருந்து வந்துவிட்டால் அது உணவு அல்ல. மீன் எண்ணெய் மாத்திரைப் புட்டி சாமி அலமாரிக்குப் பக்கத்திலேயே இருக்கலாம். எவரும் கேட்க மாட்டார்கள். நிபந்தனைகள் மட்டும் உண்டு. வீட்டுப் பாத்திரத்தில் கலக்கக் கூடாது, கூடத்தில் சாப்பிடக் கூடாது, சாப்பிட்டதைப் பற்றிப் பேசக் கூடாது. எத்தனையோ விலக்கு ஆணைகளை நான் வரைந்திருக்கிறேன். இவ்வளவு கட்டுக்கோப்பான ஒன்றை வரைந்ததில்லை.

வெட்டினோம், அலசினோம். ஏசித் தண்ணீர் வாளியை இப்போது அவளே தூக்கிக்கொண்டு வந்தாள். 'ஏசி மூத்திரம்' என்ற பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. ஆடிக் காற்று அடங்கும் சமயத்தில் குருத்து விரிந்து, நுனியில் கொடி நீண்டு, கட்டைவிரல் அளவில் ஒரு குடுவை வந்தது. ஒரு நாள் காலை அதன் மூடி திறந்திருந்தது. அவள் தொட்டியைத் தூக்கி, வெயில் ஏறும் முன் பால்கனி நிழலில் வைத்தாள். பக்கத்தில் ஒரு கிழிந்த இலைத் துண்டில் கருப்பட்டித் துணுக்கு ஒன்று.

"இது எதுக்கு?" என்றேன்.

"எறும்புக்கு வைக்கேன். நானா அதைப் பிடிச்சு உள்ள போடுதேன்? வாறது, போறது, விழுகது எல்லாம் அது பாடு."

சற்று நேரம் கழித்து உள்ளே கொண்டுவந்து, ஜன்னலோரம் பழைய இடத்திலேயே வைத்தாள். கருப்பட்டி இலையைத் தனியாகத் தூர எறிந்துவிட்டுக் கை கழுவினாள்.

திவசம் நெருங்கியது. கெடுவைப் பற்றி அவள் பேசவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. மேலதிகாரி மறந்திருக்கும் கோப்பை எடுத்துக்கொண்டுபோய் மேசையில் வைப்பவன் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவனாகத்தான் இருக்க வேண்டும். முதல் நாள் மாலை வீடு முழுவதும் கழுவி விட்டாள். நாற்காலி, மேசை எல்லாம் இடம் மாறின. செடியைத் தூக்கினாள். ஜன்னல் மேடையைத் துடைத்தாள். பிறகு அங்கேயே வைத்தாள்.

காலையில் மைத்துனர் வந்தார். நெற்றி நிறையத் திருநீறு, கையில் அவருக்கென்று அவரே கொண்டுவந்த தண்ணீர்ப் புட்டி. பிண்டம் வைத்து, காக்காவுக்குச் சோறு போட்டு, குருக்கள் தட்சிணையோடு கிளம்பிப் போனபின் இலை போட்டாள். பிரண்டைத் துவையல், வாழைக்காய்ப் பொரியல், உளுந்தவடை, பாசிப்பருப்புப் பாயசம். மைத்துனர் வடையைப் பிட்ட கையோடு ஜன்னலைப் பார்த்தார். பிட்ட வடை கையிலேயே நின்றது.

"அக்கா, இது பூச்சி திங்கிற செடில்லா? போன்ல பாத்திருக்கேன்."

நான் சில பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். மலைச் செடி. எப்பவாவது பூக்கும். எடுத்து வைப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"ஆமா" என்றாள் என் மனைவி, சாம்பார் வாளியைக் கீழே வைக்காமலே.

"என்ன அத்தான் இது? மாமா தெவசத்தன்னைக்கு, எலை போடுற இடத்துல..."

"அவுகளை ஏன் கேக்க? அதுக்கு ஒடம்பு சரியில்ல. தேறிக்கிட்டு வருது. மருந்து திங்குது."

"எறும்பு திங்கிறதுக்குப் பேரு மருந்தா அக்கா?"

அவள் வாளியை இப்போது கீழே வைத்தாள்.

"ஏலே, உனக்கு டைபாய்டு வந்து எந்திரிச்சப்போ, கொல்லையில தனியா அடுப்பு மூட்டி, தகர டப்பாவுல அப்பா உனக்கு என்னத்த அவிச்சுக் குடுத்தாவ? உருளக்கிழங்கா?"

எத்தனையோ விசாரணைகளை நடத்திய எனக்கு, சாட்சியின் முகத்தைப் பார்க்காமல் இலையைப் பார்ப்பது அன்று சிரமமாக இருந்தது.

"அது டாக்டர் சொன்னதுல்லா" என்றார் மைத்துனர். "ஒரு மாசந்தான். அதுக்கப்புறம் நிறுத்தியாச்சு."

"நிறுத்துனியா?"

சத்தமாகக் கேட்கவில்லை அவள். கொல்லைப்புறத்துக் கதவைச் சாத்தியாயிற்றா என்று விசாரிப்பவள் மாதிரிதான் கேட்டாள். மைத்துனர் கையிலிருந்த வடையை இலையில் வைத்தார். இலையின் ஓரத்தைச் சற்று நீவிவிட்டார்.

"அக்கா, கொஞ்சம் பாயசம் ஊத்து."

ஊற்றினாள். அவர் கேட்டதைவிட ஒரு கரண்டி கூடவே ஊற்றினாள்.

கை கழுவி, வெற்றிலை போட்டு, கிளம்பும் முன் மைத்துனர் ஜன்னலருகே போய் நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்தச் சின்னக் குடுவையைக் குனிந்து பார்த்தார். எதுவோ சொல்ல வருகிறார் என்று நானும் அவளும் காத்திருந்தோம்.

"அத்தான், மேக்க வெயிலு எறங்கும்போது இங்கன நேரா அடிக்கும். அந்தத் திரையைப் பைய இழுத்து விடுங்க" என்றார். "நோயாளில்லா."